போறணையில் தொடங்கும் ஊர்

சபையோருக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிப்போகிறோம்? கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கன்னியா வெந்நீரூற்று. அதோடு ஊர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பேக்கரிக்குக் கூட்டிப்போகிறவன்.

ஊரை நடந்தே காட்டும் என் நடை பிரெட்றிக் கோட்டை வாசலில், காலை ஆறு மணிக்குத் தொடங்கும். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லையும் எடுத்துத்தான் இந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். வாசல் கல்லில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயலை இன்றும் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, மான்களுக்கு வழி விட்டு, நேரே நகரத்துக்குள் நடந்தால் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, வேகும் மணம் வரும்.

இந்தப் 'பாண்' யாருடைய சொல்? இடித்தவர்களுடையது. பாணை வேகவைக்கும் அடுப்பான போறணையும் அவர்களின் சொல்தான். கறிக்கு வாங்கும் முட்டைக்கோசுக்கு நாம் சொல்லும் கோவாவும் அப்படியே. பீன்ஸுக்குச் சொல்லும் போஞ்சி மட்டும் பிறகு வந்த ஒல்லாந்தர் கணக்கு. கோயிலை இடித்த கோபம் நமக்கு இன்னும் ஆறவில்லை, சரி. ஆனால் விடிந்ததும் 'அண்ணே, ஒரு றாத்தல் பாண்' என்று அவர்கள் சொல்லால்தானே கேட்கிறோம்! ஆங்கிலேயர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். இருந்தும் தேத்தண்ணியைத் தவிர நம் அடுப்படியில் பெரிதாக எதையும் அவர்கள் விட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை.

பேக்கரியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால், வாசலில் அடுப்பு வைத்துப் பிட்டு அவிக்கும் ஒரு அம்மாவைப் பார்க்கலாம். வறுத்த அரிசி மாவில் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் டக் டக்கென்று கொத்துவார். மா கட்டியாகவும் கூடாது, தூளாகவும் போகக் கூடாது. தேங்காய்ப்பூவைக் கலந்து, ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் இட்டு, ஆவி மேலே வந்ததும் இறக்குவார். 'இன்னும் ரெண்டு நிமிசம் பொறு தம்பி' என்பார். பொறுக்கத்தான் வேண்டும். இந்த வேலையில் ஒரு சொல்கூடக் கப்பலில் வந்து இறங்கவில்லை.

அப்புறம் பாலையூற்று. அங்கே ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும் முதியவர்களும் உண்டு. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, அவர்கள் வீட்டு கேக்கைச் சாப்பிட்டவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

கடைசியில் தயிர். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர், கிண்ணியாவிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாக்காரர் 'பாதை'யில் ஏறித்தான் கடலைக் கடந்தார்கள். பாதை என்றதும் வெளியூர்க்காரர் தெருவைத் தேடுவார். நமக்கோ அது வாகனத்தையும் ஆளையும் சேர்த்து ஏற்றி மிதக்கும் தெப்பம். தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதில் வந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அந்தக் கதையை நடையில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வரும் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்பேன். வெறும் வயிற்றோடு வாருங்கள். மானுக்குப் பாண் போட வேண்டாம்.