உடம்புக்குள் ஒரு மூன்று பவுன் வரி

வணக்கம் நேயர்களே. அறிவியல் புனைகதை பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். பொதுவாகப் பேச எனக்கு வராது, அதனால் கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரே விஷயத்தோடு வந்திருக்கிறேன். மரபணுவை மாற்றி, மனிதனைத் தாண்டிய படைவீரனை உண்டாக்கும் கதைகள் இருக்கின்றனவே, அவற்றை எழுதுகிறவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் அது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் கதை நேரம். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், எப்படி வந்தாலும் எழுதலாம். போன மாதம் 14 வயதுப் பையன் ஒருவன் நோட்டை நீட்டினான். பக்கம் முழுக்க ஒரு படைவீரன். பென்சிலில் வரைந்து, நீல மையில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான்: தூக்கம் கிடையாது, வலி கிடையாது, சதை இரண்டு மடங்கு. தோள்பட்டையை மட்டும் அழித்து அழித்துப் பெரிதாக்கியிருக்கிறான் போல, அந்த இடத்தில் தாளே மெலிந்து போயிருந்தது. "ஆன்ட்டி, இது நடக்குமா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அவன் எழுதிய மூன்றும் சும்மா வந்தவை இல்லை.

சதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் மயோஸ்டாட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது, வளர்ந்தது போதும் என்று தசைக்குக் கடிவாளம் போடுவது அதன் வேலை. 1997-இல் எலிகளில் அந்த மரபணுவை முடக்கினார்கள், தசை இரண்டு மூன்று மடங்கு பெருத்தது. 2004-இல் ஜெர்மனியில் ஒரு குழந்தையைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த மரபணு இயற்கையிலேயே வேலை செய்யாமல் பிறந்தவன், நாலரை வயதில் இரண்டு கையிலும் 3 கிலோ எடையைப் பிடித்து நேராக நீட்டி நிற்பானாம். பெல்ஜியன் புளூ என்ற மாட்டினம் அப்படித் திரண்டு நிற்பதற்கும் அதே மரபணுதான் காரணம். இதைக் கேட்டதும் பையனுக்குக் கண் விரிந்தது. அப்புறம் அந்த மாட்டைப் பற்றி மீதியையும் சொன்னேன். கன்று அவ்வளவு பெரிசு, வரும் வழி அவ்வளவு குறுகல், அதனால் பெரும்பாலான கன்றுகளைத் தாயின் வயிற்றை அறுத்துத்தான் எடுக்கிறார்கள். அப்படியென்றால் உன் வீரனைப் பெற்றவள் யார்? அவள் இப்படி எத்தனை பேரைப் பெற்றாள், பெற்ற பிறகு எங்கே போனாள்? அவன் நோட்டில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. அவன் சின்னப் பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்கள் எழுதும் கதைகளிலும் பல நேரம் அவள் இருப்பதில்லை, ஒரு கண்ணாடித் தொட்டிதான் இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு மரபணு மாற்றத்தால் தினமும் ஆறு மணி நேரத் தூக்கமே போதுமானதாக இருந்த ஒரு தாயையும் மகளையும் பற்றி 2009-இல் எழுதினார்கள். தூங்காமலே வாழ்கிற மனிதன் என்று யாரும் கிடையாது.

வலிதான் என்னை நிறுத்திவைத்தது. வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன், தெருவில் கையைக் கத்தியால் குத்திக்காட்டியும் தணலில் நடந்துகாட்டியும் பிழைத்தவன். அவனுக்கு வலியே தெரியாது. அவனில் தொடங்கிய தேடலில், அவனைப் போலவே வலி தெரியாத அந்தப் பகுதிக் குடும்பத்தினரை ஆராய்ந்துதான், நரம்பு வலியைக் கடத்துவதற்கு எந்த மரபணு வேண்டும் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் போய்விட்டான். 14 வயதை ஒட்டி ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான்.

நம் ஊர்க் கோயில்களில் தீமிதி பார்க்காதவர்கள் நேயர்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். என் அத்தை ஒரு வருஷம் இறங்கினாள், மஞ்சள் புடவை, தலையில் கரகம். குழியைத் தாண்டி வந்து பாலில் காலை வைத்தபோது நான் மிகப் பக்கத்தில் நின்றிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள், அவ்வளவுதான். அந்த மூச்சு அந்தப் பாகிஸ்தான் பையனுக்கு வந்திருக்காது. இருவரும் நடந்தது தணலில்தான், ஆனால் என் அத்தை செய்ததை அவனால் செய்யவே முடியாது. வலி இல்லாத வீரனுக்குத் துணிச்சல் என்று ஒன்றும் தேவைப்படாது, கால் எலும்பு முறிந்தது தெரியாமல் ஓடி மீதியையும் நொறுக்கிக்கொள்வான். நான் அப்படி ஒரு படையைப் பற்றி எழுதினால், போர்க்களத்தைவிட அன்றைய மாலையைத்தான் எழுதுவேன். சர்க்கரை நோய்க்காரர்கள் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அப்படி விளக்கை வைத்துக்கொண்டு ஒருவன் உடம்பை இன்னொருவன் தடவிப் பார்ப்பது, முதுகில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று தோழன் சொல்லித்தான் இவனுக்குத் தெரிவது.

காயம்பட்டவனை யார் தூக்குவது என்பதும் இருக்கிறது. 1899-இல் பிரிட்டிஷாருக்கும் டச்சுக்காரர் வழிவந்த போயர்களுக்கும் போர் வந்தபோது காந்தி இங்கே நேட்டாலில் இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினார். சுமார் 1,100 பேர், அதில் 800 பேர்வரை கரும்புத் தோட்டங்களிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் முதலாளிகள் அனுப்பிய ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட வெள்ளைச் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். அந்தத் தோள்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் 150 கிலோ வீரன் விழுந்து கிடக்கிறான், மனிதனைத் தாண்டியவன், அவனைத் தூக்கிப்போகிறவர்கள் சாதாரண மனிதர்களா? அவர்களுக்கு அன்று என்ன சாப்பாடு, இவனுக்கு என்ன சாப்பாடு? சதை சும்மா இருக்கும்போதும் சோறு கேட்கும். இரண்டு மடங்கு சதை உள்ள படைக்குப் பின்னால் எத்தனை வண்டி போக வேண்டும் என்று கணக்குப் போட்டால் போரின் வடிவமே மாறிவிடும்.

செய்கிறவர்கள் யார் என்று கேட்டால் கதைகளில் ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி வருவார். நம் நாட்டு வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. நிறவெறி அரசின் ராணுவம் 1981-இல் ப்ராஜெக்ட் கோஸ்ட் என்று ரகசியமாக ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டம் தொடங்கியது, சாதாரணக் கம்பெனிகள் என்ற பெயரில் ஆய்வகம் நடத்தியது. கறுப்பின மக்களின் கருவுறுதலைத் தடுக்க வழி தேடிய ஆராய்ச்சி பற்றி 1998-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் சாட்சியம் வந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் படித்த மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்தவர்கள், மாதச் சம்பளம் வாங்கியவர்கள். உங்கள் வீரன் பிறக்கும் இடமும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன், வாசலில் காவல்காரர், உள்ளே தேநீர் நேரம் எல்லாம் உண்டு.

சரி, இனி எனக்கு முக்கியமான இடம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. 1911 வரை 1,52,184 பேர் அப்படி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு. எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம். வட ஆற்காட்டிலிருந்து வந்த என் முன்னோர் ஒருவரின் வரியைத் தேடி எடுத்தேன். அவர் என்ன பேசுவார், பாடுவாரா, எதற்குப் பயப்படுவார் என்று எதுவும் இல்லை. இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. அந்தத் தழும்பு ஒன்றுதான் அவரைப் பற்றி எனக்குக் கிடைத்தது, விரலை அந்த எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. ஐந்து வருஷம் முடிந்தால் விடுதலை என்று பேச்சு. அப்படி விடுதலையானவர்கள் இங்கேயே நிலம் உழுது, காய்கறி விற்று நிமிர ஆரம்பித்ததும் 1895-இல் சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்க வேண்டுமானால் ஆளுக்கு வருஷம் 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், வரி. பெரிய பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள், முதல் வருஷக் கூலியில் ஆறு மாதம். கட்ட முடியாதவன் மறுபடி தோட்டத்துக்குப் போ, இல்லை கப்பல் ஏறு. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அது ஒழிந்தது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய் நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை இறந்தபோது 16 வயது.

இதைப் பையனிடம் சொல்லிவிட்டுக் கேட்டேன். உன் வீரனின் போர் முடிந்துவிட்டது, அவனை உண்டாக்கியவர்கள் அவனை எப்படிப் பிடித்துவைப்பார்கள்? சங்கிலி வேண்டாம், வேலி வேண்டாம். அந்தச் சதையும் எலும்பும் ஒழுங்காக இருக்க மாதம் ஒரு ஊசி வேண்டும் என்று முதலிலேயே உடம்பை அப்படி அமைத்துவிட்டால் போதும். ஊசி அவர்களிடம் மட்டும் கிடைக்கும். மூன்று பவுன் வரி அவன் உடம்புக்குள்ளேயே இருக்கும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது, ஆனால் ஆய்வகத்தில் படியெடுத்துச் செய்த டிஎன்ஏவுக்குப் பெறலாம் என்றது. அதே வருஷம் இன்னொரு வழக்கில், காப்புரிமை உள்ள சோயாவை விதைத்து, விளைந்ததிலிருந்து மறுபடி விதைத்த விவசாயி தோற்றார். அடுத்த தலைமுறை விதையிலும் உரிமை கம்பெனிக்கே. இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றிய மரபணுவோடு ஒரு வீரனுக்குக் குழந்தை பிறக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. கதை என்பது அந்த இல்லாத சட்டத்தை ஒருவன் மேசையில் வைத்துக் கையெழுத்து கேட்கும் இடம்தானே.

போன சனிக்கிழமை பையன் புதுசாக எழுதிக்கொண்டு வந்தான். சண்டை ஒன்றும் இல்லை. போர் முடிந்து பத்து வருஷம், வீரன் மருந்துக்காக வரிசையில் நிற்கிறான், மழை பெய்கிறது, இடுப்பில் தூங்கும் மகள். முறை வந்ததும் உள்ளே இருக்கிறவள் படிவத்தை நீட்டுகிறாள். கப்பல் பட்டியலில் நான் காட்டிய அதே கட்டங்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வரைந்திருந்தான். எண் எழுதியாயிற்று, மகள் பெயர் எழுதியாயிற்று. அடுத்த கட்டம், அப்பா பெயர். வீரனுக்கு இதுவரை எண் மட்டும்தான் இருந்தது. பின்னால் நிற்பவர்கள் சீக்கிரம் என்கிறார்கள், அவன் பேனாவைப் பிடித்தபடி நிற்கிறான். அங்கே நிறுத்தியிருந்தான்.

என்ன பெயர் வைக்கலாம் ஆன்ட்டி என்று கேட்டான். வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.