தண்ணீர் போகிற வரிசை

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள்ளே தண்ணீர் எந்த வரிசையில் போகிறது என்று என்றைக்காவது பார்த்ததுண்டா? அந்த வரிசையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கலங்கல் தண்ணீர் வந்தால் நம் பாட்டிமார் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்கள். சேறு அடியில் தங்கிவிடும். தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் காய்ச்சுவார்கள். முதலில் சேறு, கடைசியில் கிருமி. மெஷினிலும் இதே கணக்குதான்.

முதலில் வருவது செடிமெண்ட் ஃபில்டர், பஞ்சு சுற்றிய உருளை மாதிரி இருக்குமே, அது. பழையதைக் கழற்றும்போது தூக்கி எறியாதீர்கள். கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். போர்வெல் வீடுகளில் வெளிப்பக்கம் செங்கல் நிறம், உள்ளே போகப் போக வெளுப்பு. அவ்வளவு சேறும் துருவும் நேரே அடுத்துள்ள கார்பன் ஃபில்டருக்குப் போயிருந்தால் அதன் நுண்துளைகள் அடைத்துப் போயிருக்கும்.

அந்தக் கார்பன்தான் இரண்டாவது. கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரினை அது பிடித்துக்கொள்ளும். வாசனைக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து வரும் மெம்பரேன் என்கிற சவ்வின் மேல் மெல்லிய பாலிஅமைடு படலம் இருக்கிறது. உப்பைத் தடுப்பது அதுதான். குளோரின் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும்.

என் அக்கா வீட்டில் இது நடந்தது. அங்கே குழாயைத் திறந்தாலே குளோரின் வாடை அடிக்கும். சர்வீஸுக்கு வந்தவர், கார்பன் ஃபில்டர் கையில் இல்லை, அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று டியூபை நேரே மெம்பரேனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. சில மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்: "தம்பி, தண்ணி சப்புன்னு இருக்கும்ல, இப்ப உப்பு தெரியுதுடா." போய், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்தேன். உள்ளே போவது 800, வெளியே வருவது 500. முன்பெல்லாம் 60தான் காட்டும். தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது! கண்ணுக்குத் தெரியாத கோளாறு, நேயர்களே. வரிசையில் ஒன்று விட்டுப்போனதால் வந்தது. புது மெம்பரேன் வாங்க வேண்டியதாயிற்று.

அதனால் திரும்பவும் சொல்கிறேன்: சேறு, குளோரின், உப்பு, பிறகு கிருமி. ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கைப் பெரும்பாலும் கடைசிப் பக்கம் வைப்பதற்குக் காரணம், கலங்கலில் ஒளி ஊடுருவாது. துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். இரண்டே விஷயம். குளோரினைக் கார்பன் எடுத்துவிடுவதால், மெஷின் தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது, தொட்டியைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரிலேயே டிடிஎஸ் 500க்குக் கீழே இருந்தால், உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.