குழந்தையை நரி விரட்டுகிறதா, உச்சா வருகிறதா?

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோ குழந்தை. அசந்து தூங்குகிறது. திடீரென்று முகத்தைச் சுளிக்கிறது, ஒரு காலை உதறுகிறது, லேசாகச் சிணுங்குகிறது. "நரி விரட்டுது" என்பார் ஆயா. சரி, ஒரு நிமிடம் பொறுத்து டயபரைத் தொட்டுப் பாருங்கள். பல நேரம் ஈரமாக இருக்கும்!

வணக்கம் மக்களே. கர்ப்பத்தின் 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. பாடம் அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

பச்சைக் குழந்தைக்குச் சிறுநீர்ப் பை நிரம்பினால் தானாக வடியும், மூளைக்கு அதில் வேலையே இல்லை என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். தூங்கும் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது: சிறுநீர் வருவதற்குச் சற்று முன் தூக்கம் கலைகிறது. பை மூளையைத் தட்டி எழுப்புகிறது! குறைமாதக் குழந்தைகள் தூங்கியபடியே போவதும் அதிகம்தான். ஆனால் அவர்களிடமும் அந்த அசைவு, சிணுங்கல் தெரிகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். இவர்கள் ஒரே மூச்சில் போக மாட்டார்கள். கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். வீட்டு அடி பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பம்பு அடிக்கிறான், தம்பி அதே நேரம் குழாய் வாயைக் கையால் பொத்துகிறான். பை சுருங்கும்போது திறக்க வேண்டிய வாசல், பாதியில் மூடிக்கொள்கிறது. அண்ணனும் தம்பியும் ஒத்துப்போக நாளாகும். பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும்.

சென்னையில் எழும்பூர், கோஷா பிரசவ ஆஸ்பத்திரிகளின் வார்டு வாசலில் காத்திருக்கும் ஆயாக்களே, உள்ளே நர்ஸ் ஈர டயபரைத் தராசில் வைப்பது எதற்குத் தெரியுமா? காய்ந்த டயபரைவிடக் கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி சிறுநீர். முதல் நாள் தாண்டிய பிறகு, கிலோவுக்கு மணிக்கு 1 மில்லியாவது வர வேண்டும். நம் ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு 3 மணி நேரத்தில் நாலரை மில்லி. ஒரு டீஸ்பூன்கூட இல்லை! அந்தத் துளிக் கணக்கு குறைந்தால் டாக்டர் உடனே வந்து பார்ப்பார்.

அதனால் வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தை தூக்கத்தில் நெளிந்தவுடன் பசி என்று தூக்கிவிடாதீர்கள். அதன் மூளை வளர அந்தத் தூக்கம் ரொம்ப முக்கியம். பாலூட்டும் நேரத்தோடு டயபரையும் மாற்றுங்கள். 6 மணி நேரமாக டயபர் காய்ந்தே இருந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உச்சா வருமுன் உங்கள் வீட்டுக் குட்டி என்ன சைகை காட்டும்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.