நோய் தெரியுமுன் முடிகிற கெடு

நடுவர் அவர்களுக்கும், பாளையங்கோட்டை வெக்கையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் வணக்கம். "ஆலை மாசால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி எட்டாமல் போவது ஆதாரம் இல்லாததாலா, சட்டம் வைத்த கெடுவாலா?" என்பது தலைப்பு. கெடுவால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணாச்சி நம்மூர் சங்கதியோடு ஆரம்பித்தார். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது, சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். லாரிகள் வந்து அள்ளிப் போயின. "ஆதாரம் இருந்தது, நீதி கிடைத்தது" என்றார். உண்மைதான். ஆனால் அது கண்ணில் பட்ட குப்பை. கொட்டிய தேதி ஊருக்கே தெரியும். நுரையீரலுக்குள் போன தூசிக்குத் தேதி சொல்ல யாரால் முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். மாசைத் தடுக்கச் சொல்லிக் கேட்பதானால் 14ஆம் பிரிவு. 6 மாதத்துக்குள் மனு. இழப்பீடு கேட்பதானால் 15ஆம் பிரிவு, 5 வருடம். இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் ஏற்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது. 5 வருடம் தாராளம்தானே என்று தோன்றும். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் வில்லங்கம். வழக்குக்கான காரணம் "முதன்முதலில்" எழுந்த நாளிலிருந்து என்று எழுதி வைத்திருக்கிறது. நோயாளிக்கு அது தெரிந்த நாளிலிருந்து என்று எழுதவில்லை.

கல் கிரஷரை எடுத்துக்கொள்வோம். ஜல்லியும் எம்-சாண்டும் உடைக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். நாசில் அடைத்துக்கொண்டாலோ, ஈரத்தூள் சல்லடையில் அப்பிக்கொள்கிறது என்று வால்வை மூடினாலோ, தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த சிலிக்காத்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அந்தத் தூளால் வருகிற நுரையீரல் நோய்தான் சிலிகோசிஸ். வழக்கமான சிலிகோசிஸ் வெளியே தெரிய 10 வருடத்துக்கு மேல் ஆகும். இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் சின்னச் சின்னப் புள்ளி. டிபியும் அதே இடத்தில்தான் பெரும்பாலும் தெரியும். அதனால் 6 மாதம் டிபி மாத்திரை. கேட்காவிட்டால் இன்னொரு சுற்று. சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் டிபியும் எளிதாகச் சேர்ந்துகொள்ளும் என்பதால் டாக்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இத்தனை மாதமும் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

தொழிலாளி இழப்பீட்டுச் சட்டத்துக்குப் போகலாமே என்றார் அண்ணாச்சி. 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு வைத்திருந்த கணக்கைப் பாருங்கள். 2 வருடத்துக்குள் மனு. தொழில்நோய் என்றால், உடம்புக்கு முடியாமல் தொடர்ந்து வேலைக்கு வராமல் போன முதல் நாளே விபத்து நாள். தினக்கூலிக்கு மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயரே இருக்காது. முதல் நாளை எங்கே தேடுவது? வேலையை விட்டபின் நோய் வந்தாலும் வழி இருந்தது, ஆனால் விட்ட 2 வருடத்துக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். 35 வயதில் கிரஷரை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போனவருக்கு 45 வயதில் மூச்சு முட்டினால் அந்த வழியும் அடைபட்டது. இழப்பீட்டு மனுவைக் கேட்கிற ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்பு என்பது கேட்டு வாங்குவது, உரிமை அப்படியில்லை.

"ஆதாரத்தைச் சேர்த்து வைக்காமல் அஞ்சு வருசமா என்ன பண்ணிய?" என்றும் கேட்டார். எப்படிச் சேர்ப்பது? கால்வாயில் நுரை பொங்குகிறது என்று நாமே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால், 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி ஆலை மேல் வழக்குப் போட அது உதவாது. அதன் 21ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகாரம் கொடுத்தவர் வந்து, ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரியத்துக்கு மனுக் கொடுத்து, அவர்கள் வருவதற்குள் மழை பெய்து கால்வாய் கழுவிவிடும். வந்து எடுத்தாலும் முடிவு நம் கைக்கு வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் பதிலுக்கு 30 நாள். மேல்முறையீட்டுக்கு இன்னும் 30 முதல் 45 நாள். 14ஆம் பிரிவின் 6 மாதத்தில் இரண்டு, இரண்டரை மாதம் இங்கேயே போயிற்று. ஆதாரம் இல்லாமல் போவதற்கே பாதிக் காரணம் கெடுதான். அண்ணாச்சி கட்சியும் என் கட்சியில்தான் வந்து விழுகிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தில் 1970களில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக்குக் கேன்சர் என்று 2004இல் தெரிந்தது, 2005இல் இறந்தார். தூசி பட்ட நாளிலிருந்து 10 வருடம் முடிந்துவிட்டது என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கையை விரித்தன. அவருக்கு வந்த மீசோதெலியோமா என்கிற கேன்சர் பொதுவாக 20 வருடத்துக்கு மேல் கழித்து வருவது. அதாவது நோய் வருமுன்பே உரிமை செத்துவிட்டது. இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று 2014 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2020 முதல் அங்கே உடல் பாதிப்புக்கு 20 வருடம் ஆக்கினார்கள். அதுவும் போதாதுதான். இத்தாலியில் எட்டர்னிட் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி வழக்கில் கீழ் நீதிமன்றம் 16 வருடம், மேல்முறையீட்டில் 18 வருடம் என்று தண்டனை. 2014 நவம்பரில் காலாவதி என்று உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்தது. அந்த வழக்கில் ஆதாரம் மலைபோல் இருந்தது, நடுவர் அவர்களே.

வேலூர்த் தோல் ஆலை வழக்கைச் சொல்வார்கள். மாசு நீடிக்கும்வரை பொறுப்பும் நீடிக்கும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல செய்திதான். அந்த வழக்கின் மூலத் தீர்ப்பு 1996இல் வந்தது. அதுவும் பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கே போனவர்களுக்குத் திறந்த கதவு. ஆலையை மூடிப் பூட்டுப் போட்ட பிறகு நோய் தெரிகிற தனி ஆளுக்கு அந்தத் தொடர்ச்சி வாதம் எடுபடுவது கஷ்டம். கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை மூடியது 2001. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016. அதுவும் சமரசம்தான்.

"அப்படியானால் முதலாளி ஆயுசு முழுக்கப் பயந்தே கிடக்கணுமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். கெடுவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. மோசடியால் உண்மை மறைக்கப்பட்டிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்துதான் கெடுவை எண்ண வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மறைத்து வைத்தது மனிதனாக இருந்தால் தள்ளிவைக்கிற நாளை, மறைத்து வைத்தது உடம்பாக இருந்தால் ஏன் தள்ளிவைக்கக் கூடாது? 15ஆம் பிரிவில் "நோயும் அதன் காரணமும் மருத்துவச் சான்றில் பதிவான நாளிலிருந்து" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய பதிவேடு அழிந்துபோகும் என்கிறார்கள். அந்தப் பதிவேடு இருப்பது ஆலையிடமும் வாரியத்திடமும்தான்; பத்திரமாக வைக்க வேண்டியதும் அவர்கள்தான்.

சட்டம் திருந்தும்வரை கூட்டத்தில் இருக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். தூசி வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஓபி சீட்டில் "எங்கே, எத்தனை வருடம், என்ன தூசி" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரே பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரத்தில் தேதி இருக்கும். கூலி வாங்கிய சீட்டு, பிஎஃப் எண் எதுவானாலும் ஒரு நகல் வேண்டும். தீர்ப்பாயத்தில் கேட்கிற தொகையில் 1 சதவீதம் கட்டணம்; 10 லட்சம் கேட்டால் 10,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை, அதற்கான சான்றை மனுவோடு முதலிலேயே வைத்துவிடுங்கள்.