நேசமணியும் லாசர் இளையப்பனும்

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வடிவேலு வருவார், மத்தியானம் மலையாள நகைச்சுவை நடிகர் சலீம் குமார் வருவார். இரண்டுக்கும் நாம் சிரிக்கிறோம். மீம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

2019 மே மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். பேஸ்புக்கில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, கான்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது இதால்தான் என்றும் எழுதினார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கேட்க, உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தித்தது. நேசமணி என்பது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம்; அந்தத் தமிழ்ப் படம் 2001இல் வந்தது. அதன் மலையாள மூலம் 1999. அங்கே அந்தச் சுத்தியல் விழுந்தது ஜகதி ஸ்ரீகுமார் நடித்த லாசர் இளையப்பன் தலையில். இரண்டையும் இயக்கியவர் சித்திக்.

படமே பார்க்காதவரும் அந்தப் பிரார்த்தனையில் கலந்துகொள்ள முடிந்ததுதான் விஷயம். ஒருவர் டாக்டர் அறிக்கை எழுதினார், ஒருவர் பழைய நண்பராக அழுதார். அடுத்தவன் வந்து நிரப்ப இடம் விட்ட மீம்தான் ஓடும். வசனத்தின் சிலேடையை மட்டும் நம்பியது எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டாது. மலையாளப் படத்தில் சுராஜ் வெஞ்ஞாறமூடு நடித்த தசமூலம் தாமுவின் முகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

செய்கிறவர்களுக்கு: முகத்தை நெருக்கமாக வெட்டுங்கள். எழுத்து பத்து வார்த்தைக்குள் இருக்கட்டும், வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுங்கள். சில எடிட்டிங் ஆப்களுக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மலையாளத்திலும் கூட்டெழுத்து பிரிந்துவிடும். முதலில் 'கை, கொ, கே' மூன்றையும் அடித்துப் பாருங்கள். சரியாக வராவிட்டால் வேறு ஆப்புக்கு மாறுங்கள்.

அடுத்தது படம் மங்கும் கதை. அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. ஃபார்வர்டு செய்வதால் பெரிய சேதமில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரம் வெட்டி, மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருங்கும், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும். மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். 2020 ஏப்ரலிலிருந்து, பல கை மாறி இரட்டை அம்புக்குறி வாங்கிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அதைத் தாண்டத்தான் பலர் சேமித்துப் புதிதாக அனுப்புகிறார்கள். அப்போது அம்புக்குறியும் போய்விடுகிறது. ஓரத்தை வெட்டுவதில் செய்தவர் பெயரும் போய்விடுகிறது. அவர் உழைப்பு அது, வெட்டாதீர்கள்.

பக்கத்துவீட்டுப் பிள்ளையின் முகத்தை டெம்ப்ளேட் ஆக்கவே வேண்டாம். 'எல்லோருக்கும் அழி' என்பது நீங்கள் அனுப்பிய செய்தியை மட்டும்தான் அழிக்கும். அதற்குள் நாலு பேர் ஃபார்வர்டு செய்திருந்தால், அந்தப் பிரதிகள் அங்கங்கே இருந்துகொண்டேதான் இருக்கும்.