காலிப் பலகையின் முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

செஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். பலகையைக் காட்ட வழியில்லாத இடத்தில் இந்த விளையாட்டைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? பிறகுதான் நினைவுக்கு வந்தது: உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களே பலகையைப் பார்க்காமல் ஆடிய போட்டி ஒன்று இருந்ததே! அதைப் பற்றிப் பேச வானொலியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் வேண்டாம். எஃப் 3 கட்டத்தில் ஒரு குதிரை நிற்கிறது. அது அடுத்து எத்தனை கட்டங்களுக்குத் தாவலாம்? ஆடிப் பழகியவர்கள் எட்டு என்று உடனே சொல்லிவிடுவார்கள். சரி, அந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். ஐந்தாவது, ஆறாவது கட்டம் வரும்போது விரல் தானாகவே காற்றில் கோடு போடத் தொடங்கும். இத்தனைக்கும் இது முப்பத்திரண்டு காய்களில் ஒன்றுதான், எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, கடிகாரமும் ஓடவில்லை.

அந்தப் போட்டி பெரும்பாலும் நடந்த மொனாக்கோவில் கடிகாரமும் ஓடியது. யோப் வான் ஊஸ்டரோம் என்ற டச்சுச் செல்வந்தர், மென்பொருள் தொழிலில் பணம் சேர்த்தவர், 1992ஆம் ஆண்டு அந்தப் போட்டியைத் தொடங்கினார். தம் மகளின் பெயரையே அதற்கு வைத்தார்: மெலடி ஆம்பர். ரசிகர்களுக்கு அது வெறும் 'ஆம்பர்'. முதல் ஆண்டு விரைவு ஆட்டம், அதாவது ரேபிட் மட்டும். அடுத்த ஆண்டிலிருந்து பலகை பாராத ஆட்டமும் சேர்ந்துகொண்டது. வான் ஊஸ்டரோம் அஞ்சல்வழிச் செஸ்ஸில் உலகப் பட்டம் வென்றவர். ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் யோசிக்கும் விளையாட்டு அது. அப்படிப்பட்டவர், தம் செலவில் மற்றவர்களைக் கூப்பிட்டு, முழு ஆட்டத்துக்கும் இருபத்தைந்து நிமிடம்தான் என்று சொல்லி உட்கார வைத்தார். அவருடைய குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

அமைப்பு எளியது. பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மற்ற பதினொருவருடனும் மோத வேண்டும். ஒரே எதிராளியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்: முதலில் பலகை பாராமல் ஒன்று, பிறகு பலகையில் ஒன்று. இருபத்தைந்து நிமிடத்துடன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில வினாடிகள் கூடும். பலகை பாராத ஆட்டத்தில் அந்தச் சலுகை சற்று அதிகம்.

கண்ணைக் கட்டி என்று சொல்லிவிடுகிறோமே தவிர, யாரும் துணியால் கண்ணைக் கட்டவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு கணினித் திரை. அதில் அறுபத்துநான்கு கட்டங்களும் இருக்கும், ஒரு காய்கூட இருக்காது. எதிராளி கடைசியாக ஆடியது மட்டும் எழுத்தில் தெரியும். சுட்டியைக் காலிக் கட்டத்தில் வைத்து அழுத்தி, இன்னொரு காலிக் கட்டத்தில் விட வேண்டும். விதிக்கு ஒவ்வாத நகர்த்தலைக் கணினி ஏற்காது. அப்படி ஒருமுறை ஏற்க மறுத்துவிட்டால் போதும், இத்தனை நேரமும் தலைக்குள் வேறொரு பலகையை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம் என்பது ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். கடிகாரம் ஓட ஓட, எந்தக் காய் எங்கே வழிதவறியது என்று முதல் நகர்த்தலிலிருந்து தேடி வர வேண்டும்.

இதில் ரசிகனுக்கு ஒரு விசித்திரமான பெருமை கிடைத்தது. அரங்கிலிருந்தவர்களுக்கும் இணையத்தில் பார்த்த எங்களுக்கும் காய்கள் எல்லாம் தெரியும். உலகச் சாம்பியனான ரஷ்யாவின் கிராம்னிக்குக்கும் உக்ரைனின் இவான்சுக்குக்கும் தெரியாது! வாழ்நாளில் வேறு எந்த நேரத்திலும் நான் ஓர் உலகச் சாம்பியனைவிட அதிகமாகப் பார்த்ததில்லை. "ஐயையோ, அங்கே மந்திரி நிற்கிறதே!" என்று திரையைப் பார்த்துப் பதறுவோம். அவர் அந்த மந்திரியை மறக்கவே இல்லை என்பது ஐந்து நகர்த்தல் கழித்துத் தெரியவரும். மறந்தது நாங்கள் பார்க்காத வேறொன்றாக இருக்கும்.

இவான்சுக்கைப் பற்றி ரசிகர்களிடையே நிரந்தரமாக ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. சாதாரணப் போட்டிகளிலேயே அவர் பலகையைப் பார்ப்பது குறைவு. கூரையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். எனவே ஆம்பரில் அவருக்கு மட்டும் இரண்டு ஆட்டமும் ஒன்றுதான் என்போம். 1992இல் முதல் கோப்பை அவருக்கு. பதினெட்டு ஆண்டு கழித்து 2010இல், தம்மைவிட இருபது வயதுக்குமேல் இளையவரான நார்வேயின் கார்ல்சனுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டதும் அவரே.

சென்னையில் எங்களுக்கு ஆம்பர் என்றால் ஆனந்த்தான். மொனாக்கோவில் பிற்பகல் என்றால் இங்கே முன்னிரவு. வேலை முடிந்து வந்து பார்க்க வாகான நேரம். இரண்டு வகை ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டிய ஒட்டுமொத்தப் பட்டியலில் ஐந்து முறை அவர் முதலிடத்தில் இருந்தார், சில வேளை பகிர்ந்தும். பலகை பாராத ஆட்டம், விரைவு ஆட்டம் இரண்டிலும் ஒரே ஆண்டில் முதலாவதாக வந்ததும் உண்டு: 1997இல் ஒருமுறை, 2005இல் மறுமுறை. கிராம்னிக் ஒட்டுமொத்தத்தில் ஆறு முறை. இந்த ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் எங்கள் தேநீர்க் கடையில் எத்தனை வாய்ச்சண்டை நடந்தது என்று கணக்கில்லை.

பெரிய சண்டை 2006இல் வந்தது. ஆனந்தும் ரஷ்யாவின் மொரோசெவிச்சும் 22 ஆட்டங்களில் தலா பதினான்கரைப் புள்ளி. முதலிடம் இருவருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவன், "அண்ணா, கூட்டிப் போட்டு வந்த கணக்கை விடுங்கள், பிரித்துப் பாருங்கள்" என்றான். பிரித்துப் பார்த்தோம். பலகை பாராத 11 ஆட்டங்களில் மொரோசெவிச் எடுத்தது ஒன்பதரை. பலகையைப் பார்த்து ஆடிய 11இல் எடுத்தது ஐந்து, அதாவது பாதிக்கும் குறைவு. அதே ஆள், அதே எதிராளிகள், அதே நாட்கள். காய்களைக் கண்ணில் காட்டியதும் ஆட்டம் சரிந்துவிட்டது.

வங்கியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "இரண்டிலும் சீராக ஆடுபவன்தான் சாம்பியன், கூட்டுவதில் என்ன தப்பு?" என்று ஆனந்த் பக்கம் நின்றார். நானும் ஆனந்த் ரசிகன்தான். ஆனாலும் அன்று மாணவன் பக்கம் போய்விட்டேன். கூட்டுத்தொகை அந்தப் போட்டியின் ஆகச் சுவையான செய்தியை மறைத்துவிடுகிறது என்பது இன்றுவரை என் கட்சி. பார்வை இருக்கும்போது ஒருவர் எப்படி, இல்லாதபோது எப்படி என்று அருகருகே வைத்துப் பார்க்க அந்த ஓர் இடத்தில்தான் முடிந்தது. அதை ஏன் கூட்டிக் கலைக்க வேண்டும்?

மொரோசெவிச்சின் ஆட்டம் முரட்டு ஆட்டம். நிலையை வேண்டுமென்றே சிக்கலாக்குபவர். அப்படிப்பட்டவர் பலகை இல்லாமல் தடுமாறுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு யோசித்தபோது வேறு விதமாகப் பட்டது. சிக்கல் அவர் போட்டது. ஒவ்வொரு முடிச்சும் எங்கே என்று அவருக்குத் தெரியும். எதிரில் இருப்பவர்தான் அடுத்தவர் போட்ட முடிச்சைத் தலைக்குள் சுமக்க வேண்டும். பலகை கண்முன்னே இருந்தால் அந்தச் சுமையைப் பலகை வாங்கிக்கொள்ளும்.

கிராம்னிக் கதை இன்னும் கூர்மையானது. 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், உலகச் சாம்பியனாக இருந்தபோது, டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலுடன் மோதினார். இரண்டாவது ஆட்டம். பலகை கண்முன்னே, நேரமும் தாராளம். தம் ராணியை இ 3க்கு நகர்த்தினார். கணினியின் ராணி எச் 7க்கு வந்தது. செக்மேட். ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டை உலகச் சாம்பியன் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கத் தவறினார். அதே கிராம்னிக் நான்கு மாதம் கழித்து, 2007 ஆம்பரில், காலித் திரையை வைத்துக்கொண்டு 11 ஆட்டங்களில் 9 புள்ளி எடுத்தார்.

அப்படியானால் இவர்கள் தலைக்குள் என்னதான் தெரிகிறது? ஆல்ஃபிரட் பினே என்ற பிரெஞ்சு உளவியலாளர் பலகை பாராமல் ஆடுபவர்களைக் கேட்டு விசாரித்து 1894இல் எழுதினார். நிறமும் வடிவமுமாக, புகைப்படம் போல இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். தேர்ந்தவர்களில் பலரிடம் அப்படி எதுவும் இல்லை. குதிரை மரத்தாலானதா, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் மங்கிப்போய், அது எதைத் தாக்குகிறது, எதைக் காக்கிறது என்பது மட்டும் நிற்கிறது. 1973இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் வேறொன்றைக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில வினாடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியைத் திருப்பி அடுக்கிவிடுகிறார். அதே காய்களைக் குலுக்கி இறைத்து வைத்தால், அவருக்கும் புதிதாகப் பழகுபவருக்கும் பெரிய வேறுபாடில்லை. வெண்பா பாடமானவருக்கு எதுகை அடுத்த அடியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும். சொற்களைக் கலைத்துப் போட்டால் அவரும் நம்மைப்போல் விழிக்க வேண்டியதுதான்.

வெண்பா என்றதும் அவதானிகள் நினைவுக்கு வருகிறார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் நிறுத்திக் காட்டினார். அவதானிகள் கையாண்ட செயல்களில் பலகை பாராமல் சதுரங்கக் காய் நகர்த்துவதும் ஒன்றாக இருந்ததுண்டு. நமக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அல்ல.

மேல்நாட்டிலும் ஆம்பருக்கு முன்னால் இது வித்தை காட்டுவதாகத்தான் வளர்ந்தது. ஒரே ஆள் பலருடன் பாராமல் ஆடுவது. அப்போதைய உலகச் சாம்பியன் அலேகின் 1933இல் சிகாகோவில் 32 பேருடன் ஆடினார். மூளைக்குக் கேடு என்று சோவியத் நாட்டில் அதற்குத் தடையே இருந்தது. நைடோர்ஃப் 1947இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 45 பேருடன். அவர் போலந்துக்காரர், யூதர். 1939இல் போட்டிக்காக அர்ஜென்டினா வந்த இடத்தில் உலகப் போர் மூண்டு அங்கேயே தங்கிவிட்டவர். சாதனை படைத்தால் செய்தி பத்திரிகையில் வரும், குடும்பத்தில் யாராவது உயிரோடிருந்தால் பார்த்துத் தேடி வருவார்கள் என்று ஆடினார். யாரும் வரவில்லை. 2016இல் லாஸ் வேகாஸில் திமூர் கரேயேவ் உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டே 48 பேருடன் ஆடினார். எண்ணிக்கை வியப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரில் சராசரி ஆட்டக்காரர்கள். மொரோசெவிச் எதிரில் உட்கார்ந்தவர் ஆனந்த்.

நான் செய்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், காட்பாடியில் ரயில் ஏறி நானும் என் நண்பனும் சென்னை வரை பாராமல் ஆடுவது என்று இறங்கினோம். அவனுக்கு வெள்ளை. வாயால் சொல்லிச் சொல்லி ஆடினோம். அரக்கோணம் தாண்டியதும் என் யானையை முதல் வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, செக்மேட் என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நண்பன் அசையவில்லை. "ராஜா எச் 2க்குப் போய்விடும்" என்றான். அங்கே உன் சிப்பாய் அல்லவா நிற்கிறது என்றேன். "அதைத்தான் ஒன்பதாவது நகர்த்தலில் எச் 3க்குத் தள்ளிவிட்டேனே!" ஒன்பதாவது நகர்த்தலில் அவன் யானையை ஆடியதாக என் கணக்கு. வடை விற்பவர் குறுக்கே வந்தது அந்த நேரம்தான் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். இரண்டு தலை, இரண்டு பலகை. எது சரி என்று சொல்ல நடுவில் கணினி இல்லை.

ஆம்பர் 2011உடன் நின்றுவிட்டது. கடைசிக் கோப்பை ஆர்மீனியாவின் அரோனியனுக்கு. அங்கே ஆடிய ஆட்டங்களுக்குத் தரப்புள்ளி கிடையாது. பன்னாட்டுச் செஸ் கூட்டமைப்பு விரைவு ஆட்டத்துக்குத் தனித் தரவரிசை தொடங்கியதே 2012இல்தான். புள்ளி போகும் என்ற பயம் இல்லாததால் அவர்கள் துணிந்து ஆடினார்கள் என்பேன் நான். அதனாலேயே அது வெறும் விடுமுறைக் கொண்டாட்டம் என்பார் அந்த வங்கி நண்பர். இன்று விரைவு ஆட்டத்துக்கு உலகப் பட்டமே உண்டு. பலகை பாராத ஆட்டத்துக்கு அந்தத் தரத்தில் ஒரு மேடை இல்லை.

ரயில் நண்பன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். தொலைபேசியை எடுத்தால் நலம் விசாரித்த கையோடு எச் 3க்கு வந்துவிடுவான். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். அது செக்மேட்தான்.

நன்றி, வணக்கம்.