சாக்கு முடிச்சுக்குள் ஒரு நூல்

வணக்கம் நேயர்களே.

தோவாளைச் சந்தையில் பூ மூட்டை கட்டிய என் தாய்மாமா, சாக்கின் முடிச்சுக்குள் ஒரு கலர் நூலை வைத்துத்தான் இறுக்குவார். அன்றைக்கு என்ன கலர் என்பதை வாங்குகிறவருக்குப் போனில் சொல்லிவிடுவார். வழியில் யாராவது பிரித்துக் கட்டினால் நூல் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் சிவப்பே வைத்தால் திருடனும் ஒரு சிவப்பு நூல்கண்டு வாங்கி வைத்துக்கொள்வான். அதனால் கண்ணை மூடி டப்பாவுக்குள் கையை விட்டு, வந்த நூலை எடுப்பார்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இந்தக் காவல் உண்டு. ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி, ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கும். பெயர் எழுத ஒதுக்கிய இடத்தில் அளவுக்கு மீறி எழுத்துகளைக் கொட்டினால், அவை வழிந்து அந்த முகவரியையே மாற்றிவிடும். 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் வார்ம் என்ற புரோகிராம் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. இதைப் பிடிக்கத்தான் முகவரிக்கு முன்னால் ஓர் எண்ணை வைக்கிறார்கள். சுரங்கத்தில் விஷவாயுவைக் காட்டிக்கொடுத்த பறவையின் பெயரில் அதைக் கேனரி என்பார்கள். திரும்பும் நேரத்தில் அந்த எண் மாறியிருந்தால் புரோகிராம் அங்கேயே நிறுத்தப்படும்.

சரி, அந்த எண்ணை எடுப்பது யார்? நாம் எழுதிய புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, அதோடு கூடவே வரும் உதவித் தொகுப்பான ரன்டைம் லைப்ரரி எடுத்துவிட வேண்டும். லினக்ஸில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு புரோகிராமுக்கும் 16 பைட் ரேண்டம் எண்ணைக், அதாவது யூகிக்க முடியாத எண்ணைக், கையில் கொடுத்து அனுப்புகிறது. 64 பிட் கணினியில் ஜிலிப்சி (glibc) என்ற ரன்டைம் லைப்ரரி முதல் 8 பைட்டைக் கேனரிக்கு எடுத்து, அதில் ஒரு பைட்டைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. எழுத்துகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்கள் பூஜ்யத்தைக் கண்டதும் நின்றுவிடும் அல்லவா, அதற்காக.

நாகர்கோவிலில் சின்னக் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு நான் லைப்ரரி எழுதியபோது, எண் கொடுக்க அங்கே கெர்னல் இல்லை. கடிகார நேரத்திலிருந்து எண்ணை உண்டாக்கினேன். மேசையில் இரண்டு போர்டுகள். ஒருநாள் கரண்ட் போய் வந்தது. இரண்டு திரையிலும் ஒரே எண்! அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே எண். பேட்டரி இல்லாத கடிகாரம் ஒவ்வொரு தடவையும் 1970 ஜனவரி 1-இல் தொடங்கியிருக்கிறது. எல்லா மூட்டையிலும் சிவப்பு நூல். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்றும் கற்றேன். கேனரியை மாற்றும் ஃபங்ஷனுக்கே கேனரி காவல் போட்டிருந்தேன். பழைய எண்ணோடு உள்ளே போய், புது எண்ணை வைத்துவிட்டுத் திரும்பும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் அதுவே செத்துப்போனது. அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் காவலை எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது கரண்ட் வந்ததும் அதுதான் முதலில் ஓடுகிறது. சிப்புக்குள் இருக்கும் ரேண்டம் எண் கருவி தயாராகும்வரை காத்திருக்கும். கருவி தயாராகாவிட்டால் போர்டு மேற்கொண்டு ஒரு வரிகூட ஓடாது.